பேட்டரிக்கு ஒரு மண்டகப்படி

காதலிக்குக் கடிதம் எழுத வேண்டிய வயதில் நான் அவளுடைய அப்பாவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆடியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் நான்கு கடிதங்கள். நான்குக்கும் என்னிடம் நகல் உண்டு. அந்தியூரில் மாமா வீட்டில் தங்கிப் பத்தாவது வரை படித்தேன். எங்கள் தமிழாசிரியர் நகல் எடுக்காமல் கடிதத்தை உறையில் போட விடமாட்டார். அனுப்புநர் இடப்பக்கம், தேதி வலப்பக்கம், ஒரு பத்திக்கு ஒரு விஷயம். அந்தப் பழக்கம் என்னை ஒருநாள் கல்யாணத்தின் வாசல் வரை கொண்டுவந்து விடும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் மைசூரில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கடையொன்றில் சர்வீஸ் மெக்கானிக். பூங்குழலி மண் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறாள். மகளிர் விடுதியில் இருக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை, தோழியின் ஸ்கூட்டர் ஓடவில்லை என்று இரண்டு கிலோமீட்டர் வெயிலில் தள்ளிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தாள். சைடு ஸ்டாண்டு பாதி இறங்கியிருந்தது. ஸ்டாண்டு இறங்கியிருந்தால் அந்த வண்டியின் மோட்டார் சுற்றாது. நான் காலால் அதை ஏற்றிவிட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

வண்டிக்கு அவ்வளவுதான். எனக்கு அப்படி முடியவில்லை.

ஊர், உறவுமுறை எல்லாம் இரண்டு பக்கமும் விசாரித்தாயிற்று. அதில் குறை ஒன்றும் இல்லை. அவள் அப்பா மல்லப்பன், கொள்ளேகாலம் தாண்டி ஹனூர் ரோட்டில் மஞ்சளும் ராகியும் போடுகிற விவசாயி. மாப்பிள்ளை பேட்டரி வண்டிக் கடையில் வேலை என்று கேட்டதும் எழுந்து போய்விட்டாராம். மூன்று வருஷத்துக்கு முன் யாரோ ஒரு பழைய இரும்புக்காரன் அவர் வயலுக்கு மேற்கே ஓடையோரம் பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். அந்த ஓடையில் புல் மேய்ந்த கன்றுக்குட்டி செத்துப்போனது. பூங்குழலி மண் பரிசோதனை படிக்கப் போனதே அதற்குப் பிறகுதான்.

"அப்பா போன்ல பேசமாட்டாருங்க," என்றாள் பூங்குழலி. "ஒரு மஞ்சள் வியாபாரி போன்ல ஒண்ணு சொல்லிட்டு நேர்ல இல்லேன்னுட்டான். அதுல இருந்து எதுன்னாலும் எழுதிக் குடுங்கன்னுதான் சொல்லுவாரு."

"எழுதிக் கொடுத்தா படிப்பாரா?"

"நாலு தடவை படிப்பாரு."

என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான வார்த்தையை நான் கேட்டதில்லை.

முதல் கடிதம் புகையைப் பற்றி. என் அப்பாவின் பழைய மொபெட்டின் புகைக்குழாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டி இரண்டு தெரு சுற்றினேன். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின்பக்கம் இன்னொன்றைக் கட்டி அதே இரண்டு தெரு சுற்றினேன். கரியேறிய கைக்குட்டையையும் வெள்ளைக் கைக்குட்டையையும் கடிதத்தோடு மடித்து வைத்தேன். பூங்குழலி சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுபோனாள். திங்கட்கிழமை பதில் வந்தது. மக்காச்சோள விதை அட்டையின் பின்பக்கம் ஒரே வரி: "புகை இல்லை, சரி. செத்த பிறகு?"

இரண்டாவது கடிதத்தில் கரண்டைப் பற்றி எழுதினேன். ஒளிக்கவில்லை. ராய்ச்சூரில் நிலக்கரி எரிகிறது, பாவகடாவில் வெயில் எரிகிறது, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிவனசமுத்திரத்தில் காவேரி விழுகிறது, மூன்றும் ஒரே கம்பியில் வருகின்றன, எது எது என்று கம்பி சொல்வதில்லை என்று எழுதினேன். டயர் எல்லா வண்டிக்கும்தான் தேய்கிறது, பேட்டரியின் கனத்தால் இதில் கொஞ்சம் அதிகமாகத் தேயலாம் என்றும் எழுதினேன். பதில்: "நல்லா எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது அது இல்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு வருஷமாக இந்தக் கடையில் செத்த பேட்டரிகளைக் கழற்றுகிறேன். அவை எங்கே போகின்றன என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. எங்கள் முதலாளி முரளிதரனிடம் போய் நின்றேன்.

"சார், பழைய பேட்டரி எல்லாம் எங்க போகுது?"

"வண்டியில போகுது."

"வண்டி எங்க போகுது?"

"வியாழக்கிழமை போகுது," என்றார்.

அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அதையே எழுதினேன், மூன்றாவது கடிதமாக. விதை அட்டையில் பதில் வந்தது: "வியாழக்கிழமை என்பது ஒரு ஊரா?"

பூங்குழலி அதை விடுதி வாசலில் நின்று எனக்குப் படித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. எனக்கு ஒரு பக்கம் அழுகையாக இருந்தது. ஆனால் அவள் விக்கும்போது அத்தனை அழகாக இருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டு, அந்த வண்டியின் பின்னாலேயே என் ஸ்கூட்டரில் போனேன். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. செத்த பேட்டரிகளை மரச் சட்டங்களில் அடுக்கி, நிழலில், ஒன்றோடொன்று உரசாமல் வைத்திருந்தார்கள். கொஞ்சம் உயிர் மிச்சம் இருப்பவற்றைத் தனியாகப் பிரித்தார்கள். வண்டியை இழுக்க வலு இல்லாத பேட்டரிகூட ஒரு வீட்டுக்கு விளக்கெரிக்கும் என்றார் அங்கிருந்தவர். முழுக்கச் செத்தவை அங்கிருந்து ஒரு ஆலைக்குப் போய், அரைபட்டு, உள்ளே இருக்கும் உலோகங்கள் பிரியுமாம். ஆலைக்குள் என்னை விடுவார்களா என்று கேட்டேன். விடமாட்டார்களாம்.

நான்காவது கடிதத்தில் கொட்டகையின் நீளம் அகலம் முதற்கொண்டு எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் இப்படி முடித்தேன்: "ஐயா, கொட்டகை வரைக்கும் நான் கண்ணால் கண்டது. ஆலை நான் காதால் கேட்டது. கேட்டதைக் கண்டதாக எழுத மனம் வரவில்லை."

இந்த முறை பதில் இரண்டு வரி. "ஆயுத பூஜை அன்று மதியம் பன்னிரண்டுக்குள் வரவும். அந்தப் பேட்டரி வண்டியிலேயே வரவும்."

பூங்குழலி தன் பங்குக்கு ஒன்று சேர்த்துச் சொன்னாள். விஜயதசமியன்று காலை பத்து மணிக்குக் குண்டலுபேட்டையிலிருந்து ஒரு வீட்டார் அவளைப் பார்க்க வருகிறார்கள். அவள் அம்மா சித்தம்மா எப்போதோ பேசி வைத்தது. மாப்பிள்ளை கவின்ராஜ், சொந்தமாக நெல் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவன். "முந்தின நாள் நீங்க வந்து அப்பா சரின்னுட்டா அவங்களை வர வேண்டாம்னுடலாம். வரலைன்னா, வந்தவங்களுக்கு நான் காபி குடுக்கணும்," என்றாள். அவள் போடும் காபியை நான் குடித்திருக்கிறேன். ஒரு தடவை குடித்தால் எவனும் விடமாட்டான்.

மைசூரிலிருந்து அவள் ஊர் எழுபது கிலோமீட்டர். என் ஸ்கூட்டர் ஒரு சார்ஜில் நான் மட்டும் உட்கார்ந்தால் எண்பது போகும். பத்துக் கிலோமீட்டர் மிச்சம். கணக்கு சரியாக இருந்தது. ஆயுத பூஜையன்று காலை பேட்டரியை நூறுக்கு ஏற்றிவிட்டு, கடையில் நடக்கிற பூஜைக்குப் போய்ப் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கு மேட்டகள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன்.

வாசலில் ஸ்கூட்டர் வாழைக்கன்றும் செவ்வந்தி மாலையுமாக நின்றது. சீட்டைத் தூக்கினேன். உள்ளே பேட்டரி இல்லை.

பேட்டரி சாமி அறையில் இருந்தது. பலகைமேல் வாழையிலை, இலைமேல் அப்பாவின் கொத்துக் கரண்டி, தூக்குக்குண்டு, மட்டப்பலகை, அம்மாவின் அரிவாள்மனை, தையல் மெஷினின் கத்தரிக்கோல். நடுநாயகமாக என் பேட்டரி. மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், சந்தனத்தில் குங்குமம். கைப்பிடியில் ஒரு முழம் பூ.

"அம்மா, பேட்டரி எதுக்கும்மா இங்க?"

"பின்ன எங்கடா வைப்பாங்க?" என்றாள் என் அம்மா அஞ்சலை. "பெட்ரோல் வண்டின்னா வண்டிக்கே பொட்டு வெக்கலாம். இதுல வேலை செய்யறது இதுதானே. நீதானே சொன்னே."

நான்தான் சொல்லியிருந்தேன். வண்டி வாங்கிய அன்று பெருமையாகச் சொன்னது.

"சரிம்மா, கும்பிட்டாச்சுல்ல. எடுத்துக்கறேன்."

"தொட்டே, பாத்துக்கோ. பூஜையில வெச்ச ஆயுதத்தை நாளைக்கு மறுபூஜை பண்ணிட்டுத்தான் தொடணும். உங்கப்பா முப்பது வருஷமா இன்னிக்குக் கரண்டி தொட்டதில்லே."

"இன்னிக்குப் பன்னிரண்டுக்குள்ள நான் கொள்ளேகாலம் தாண்டிப் போகணும்மா. பூங்குழலி வீட்டுக்கு. இன்னிக்குப் போகலைன்னா நாளைக்கு குண்டலுபேட்டைக்காரன் வந்துடுவான்."

"பஸ்ல போ."

"அந்த வண்டியிலேயே வரச் சொல்லிக் கைப்பட எழுதியிருக்காரும்மா."

அம்மாவின் முகம் இரண்டு பக்கமும் இழுபட்டது. பூங்குழலியை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். சாமியை அதைவிடக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். நான் சாமி அறை வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். மணி ஒன்பது ஐந்து.

அப்பா வேலாயுதம் பொரியைக் கொறித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். கொத்தனார். வாரத்துக்கு ஒரு முறைதான் வாய் திறப்பார்.

"அஞ்சலை," என்றார். "நாளைக்கு நம்ம ஊர்ல சாமுண்டி தாயி ஆனை மேல போவுதே. அது வேலைக்கா போவுது?"

"தசரா ஊர்வலம் போவுது. அதுக்கென்ன இப்போ?"

"ஊர்வலம் போனா பூஜைக்குக் குத்தமில்லையே."

அம்மா அவரைப் பார்த்தாள். பேட்டரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஊர்வலம்னா சாமி தனியாப் போகாது. கூட ஆள் வேணும், மணி வேணும், தட்டு வேணும். சுத்திப்போடப் பூசணிக்காயும் வேணும்," என்றாள். "நானும் வர்றேன்."

கணக்கு அந்த இடத்தில் கவிழ்ந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் என் ஸ்கூட்டர் அறுபத்திரண்டுதான் போகும். பூசணிக்காய் மட்டுமே ஆறு கிலோ. ஆனால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அம்மா சூடம் காட்டி, பேட்டரியைக் கைக்குழந்தைபோல் எடுத்துவந்து சீட்டுக்கு அடியில் இறக்கினாள். தன் ஹெல்மெட்டுக்கும் ஒரு சரம் பூச்சுற்றி, அதுவும் ஆயுதம்தான் என்றாள். முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் அப்பா. நான் வண்டியை ஆன் செய்தேன்.

"ஸ்டார்ட் பண்ணுடா," என்றாள் அம்மா, ஏறிக்கொண்டே.

"பண்ணியாச்சும்மா."

"எங்க, சத்தமே காணோம்," என்று எட்டி ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எதிர்வீட்டுக் கோலம் நசுங்கியது. அப்பா வேலி ஓரம் தாவினார். ஊர்வலம் புறப்பட்டுவிட்டது. ஒன்பது பத்து, நூறு சதவீதம்.

அன்றைக்கு மைசூரில் சும்மா நின்ற வண்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாலை போட்டுக்கொண்டு நின்றன. பஸ்ஸுக்கு வாழைமரம், ஆட்டோவுக்குப் பூப்பந்தல், போலீஸ் ஜீப்புக்குக்கூடச் சந்தனப்பொட்டு. ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். நான் வழுக்காமல் வளைந்து வளைந்து போக, அம்மா பின்னால் மணியை ஆட்டிக்கொண்டே வந்தாள். எங்களுக்கு ஹாரனே தேவைப்படவில்லை. மணிச் சத்தம் கேட்டு மக்கள் ஒதுங்கினார்கள். சிலர் கும்பிட்டார்கள்.

வருணா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார். எண்பத்தொரு சதவீதம்.

"நம்பர் பிளேட் எல்லி?" என்றார். நம்பர் பிளேட்டை மாலை மூடியிருந்தது. நான் அவசரமாக ஒதுக்கினேன். அவர் அம்மாவின் மடியிலிருந்த தட்டை எட்டிப் பார்த்து, இது எந்தச் சாமி என்று கேட்டார். "அம்மா, யாவ தேவரு இது?"

"பேட்டரி," என்றாள் அம்மா.

"எல்லிகெ ஹோகுத்தே?"

"ஹெண்ணு நோடோகெ."

பெண் பார்க்கப் போகும் தேவரை அவர் தன் சர்வீஸில் பார்த்திருக்க மாட்டார். மீசையைத் தடவி யோசித்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு சிட்டிகைக் குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு, "பேக ஹோகி," சீக்கிரம் போங்கள் என்று வழிவிட்டார். அம்மா அவருக்கு இரண்டு கை நிறையப் பொரி கொடுத்தாள்.

நரசிபுரத்தில் மணி பத்து பதினைந்து. ஐம்பத்திரண்டு சதவீதம். இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது. இனி மறைக்க முடியாது.

"அம்மா, இது ஊர் வரைக்கும் வராது."

"சாமி நினைச்சா வரும்."

"சாமிக்கும் சார்ஜ் போடணும்மா."

பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு கரும்புச்சாறு கடை திறந்திருந்தது. மெஷினுக்கு மாலை போட்டு விளக்கேற்றி, கடைக்கார அம்மாள் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பெயர் மல்லம்மா என்று பிறகு தெரிந்தது. ஒரு முக்கால் மணி நேரம் கரண்ட் கிடைக்குமா என்று கேட்டேன்.

"இன்னிக்கு மெஷின் ஓட்டறதில்லே மகனே," என்றார். "பிளக்குக்கும் அரிசினம் குங்குமம் வெச்சாச்சு. தொடக்கூடாது."

எங்கள் அம்மாவைப் போலவே இன்னொருவர். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். ஆனால் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றி, பூவைச் சரிசெய்துகொண்டு, வண்டியைவிட்டு இறங்கினாள்.

"அக்கா, இது வேலை இல்லை. சாமி ஊர்வலம் போவுது. வழியில ஒரு வீட்டு வாசல்ல நின்னு பாலு பழம் வாங்கிக்கும்ல, மண்டகப்படின்னு? அந்த மாதிரி. எங்க சாமி பாலு பழம் சாப்பிடாது. கரண்டுதான் சாப்பிடும்."

மல்லம்மா சீட்டைத் தூக்கச் சொன்னார். விபூதியும் சந்தனமுமாகப் பேட்டரி உள்ளே சாந்தமாக வீற்றிருந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தேவரு என் கடைக்குத் தேடி வந்து நிக்குது. சும்னே அனுப்பறதா?" என்றார். பிளக்கின் மேலிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் நானே துடைத்தேன். அம்மா சூடம் காட்ட, மல்லம்மா தன் கையால் சுவிட்சைத் தட்டினார். சார்ஜரில் பச்சை விளக்கு மின்னியதும் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கும்பிட்டார்கள்.

நாற்பத்தைந்து நிமிஷம். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு, அறுபது. ஒவ்வொரு சதவீதத்துக்கும் நான் கடைவாசலில் ஒரு நடை நடந்தேன். மல்லம்மா காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். பதிலுக்கு அம்மா பூசணிக்காயைக் கொடுத்தாள். ஆறு கிலோ குறைந்த சந்தோஷத்தில் நானே அதற்குள் குங்குமம் நிரப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கடைக்கு முன்னால் சுற்றி உடைத்த சத்தத்தில் பஸ் ஸ்டாண்டு நாய்கள் எல்லாம் ஓடின. பதினொரு மணி. அறுபத்தெட்டு சதவீதம்.

காவேரிப் பாலத்தில் முப்பத்தொன்று. கொள்ளேகாலத்தில் பதினேழு. ஹனூர் ரோட்டில் எட்டு. எட்டு என்று நான் உரக்கச் சொன்னதும் அம்மா மணி ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்டே?"

"மணி ஆட்டினா பேட்டரி குறையும்ல."

குறையாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது. மூச்சைக்கூட நான் அளவாகத்தான் விட்டேன்.

அப்படித்தான் நாங்கள் மல்லப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்: பதினொன்று ஐம்பத்தைந்துக்கு, நான்கு சதவீதத்தில், சத்தமே இல்லாமல். திருப்பத்தில் படுத்திருந்த நாய் கண் திறக்கவில்லை. வீட்டின் பக்கவாட்டு வழியாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் வண்டி தானாக உருண்டு நின்றது.

அங்கே வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம், அறுபது வயது மனிதர் ஒருவர் குனிந்து, கடப்பாரையால் ஒரு உரச்சாக்கு மூட்டையை நெம்பி நெம்பி வைக்கோல் போருக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு மூட்டை. ஒரு மூலையில் சாக்கு கிழிந்து கறுப்பாக ஒரு முனை தெரிந்தது. அந்தக் கறுப்பு மூலையை நான் இருட்டிலும் அடையாளம் சொல்வேன்.

அம்மா லேசாக இருமினாள்.

மல்லப்பன் நிமிர்ந்தார். எங்களைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஐந்தடிக் கடப்பாரை, தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏந்தம்பி," என்றார் கடைசியில். "ஒரு ஊட்டுக்கு வர்றவங்க சத்தம் குடுத்துட்டு வர்றதில்லீங்களா?"

"வண்டிக்குச் சத்தம் இல்லீங்க ஐயா."

அதற்குள் பூங்குழலி வந்துவிட்டாள். பச்சைப் பாவாடை தாவணி. எனக்கு மூன்றே முக்கால் நொடி வேறெதுவும் தெரியவில்லை. அவள் நேராக மூட்டையிடம் போய்ச் சாக்கை விலக்கினாள்.

"அப்பா, இது நம்ம பன்னி வேலியோட பழைய பேட்ரிதானே? தூக்கிப் போட்டாச்சுன்னு சொன்னீங்க."

"எங்க அம்மிணி தூக்கிப் போடறது?" என்றார் மல்லப்பன். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்தார். "காட்டுப்பன்னிக்கு சோலார் வேலி போட்டோம். மூணு வருசத்துல ரெண்டு பேட்ரி செத்துப்போச்சு. இரும்புக்காரனுக்குப் போட்டா ஓடையில உடைப்பான். குழி வெட்டிப் பொதைச்சா என்ற கெணத்துக்குத்தான் எறங்கும். ஊர்ல எல்லாருத்தையும் கேட்டேன். சிரிக்கறானுங்க. ஆபீசுல போய்க் கேட்டேன், அடுத்த வாரம் வாங்கன்னாங்க. இன்னிக்கு ஆயுத பூசை, ஊட்டைச் சுத்தம் பண்ணோணும். நாளைக்கு வேற ஆளுங்க வர்றாங்க. கண்ணுக்குத் தெரியாம வெக்கலாம்னு பாத்தேன்."

எனக்கு மெல்லத்தான் புரிந்தது. விதை அட்டையில் வந்த கேள்விகள் எல்லாம் என்னைச் சோதிக்க வந்தவை என்று இரண்டு மாதமாக நினைத்திருந்தேன். இந்த மனிதருக்கு நிஜமாகவே பதில் தேவைப்பட்டிருக்கிறது.

"கேட்டதுக்கு உக்காந்து பதில் எழுதினது நீங்க ஒருத்தருதான்," என்றார். "தெரியாததைத் தெரியலைன்னும் எழுதியிருந்தீங்க. அதான் வரச் சொன்னேன். சொல்லுங்க. இதை என்ன பண்ணோணும்?"

"இது ஈய பேட்டரிங்க ஐயா, எங்க கடைக்கு வர்றது வேற ஜாதி. ஆனா வித்த கம்பெனியே திரும்ப வாங்கணும்னு சட்டம் இருக்கு. கொள்ளேகாலத்துல வித்த கடைக்கே நான் கொண்டுபோறேன். வாங்கலைன்னா மைசூர் டீலர்கிட்ட. அங்கேயிருந்து எங்க போகுதோ அது வரைக்கும் பின்னாலேயே போறேன்."

"போயி?"

"பார்த்ததை எழுதறேன்."

"கேட்டதை?"

"கேட்டதுன்னு தனியா எழுதறேன்."

அவர் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. பூங்குழலி சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டைப் பார்த்தாள்.

"சரி, இந்த வண்டியோடது செத்தா?"

"வண்டிக்குத்தான் சாகும். அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் உங்க கொட்டகைக்கு விளக்கு எரிக்கும். அதுவும் முடிஞ்சா வியாழக்கிழமைதாங்க."

மல்லப்பன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தத்தில்தான் நாய் விழித்துக் குரைத்தது. சித்தம்மா கை ஈரத்தோடு வெளியே ஓடிவந்தார்.

அந்த நேரம் பார்த்து என் அம்மா தட்டோடு முன்னால் வந்தாள். "அண்ணா, பேச்செல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். சாமி வெயில்ல நிக்குது. ஊர்வலம் முடிஞ்சா சாமியை உள்ள வெக்கணும். நாளைக்கு மறுபூஜை முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

அண்ணா என்று அம்மா சொன்ன அந்த ஒரு சொல்லில் மல்லப்பன் எனக்கு மாமாவாகிவிட்டார். அதை அம்மா தெரிந்துதான் சொன்னாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. மாமா பேட்டரியைத் தானே தூக்கிக்கொண்டுபோய், தன் மண்வெட்டிக்கும் மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கும் நடுவில் வைத்தார். சித்தம்மா அதற்கு இன்னொரு பொட்டு வைத்தார்.

"அப்ப இவங்க நாளைக்குப் பூசை முடிஞ்சுதான் கெளம்ப முடியுமுங்களா?" என்றார் சித்தம்மா, கைவிரலால் எண்ணிப்பார்த்து. "பத்து மணிக்கு குண்டலுபேட்டைக்காரங்க வந்துருவாங்களே. ரெண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை ஒரே தின்பண்டம் வெச்சு எப்படிங்க உக்காத்தறது?"

எல்லோரும் மல்லப்பனைப் பார்த்தோம். என் நெஞ்சுக்குள் அம்மாவின் மணி அடித்தது. அவர் உத்தரத்தில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். ஒரு விதை அட்டையைத் திருப்பி, இரண்டையும் என்னிடம் நீட்டினார்.

"நீங்கதான் நல்லா எழுதறீங்களே மாப்பிள்ளை. வர வேண்டாம்னு மருவாதியா எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். தேதி வலப்பக்கம். ஒரே பத்தி. தங்கள் வரவை எதிர்பார்த்திருந்ததையும், பெண்ணுக்கு வேறிடத்தில் முடிவாகிவிட்டதையும், தங்கள் மகனுக்கு நல்ல இடம் அமைய வேண்டுவதையும் எழுதினேன். பூங்குழலி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். அவள் மூச்சு காதில் பட்ட இடத்தில் ஓர் எழுத்து மட்டும் கோணிவிட்டது. மாமா நான்கு முறை படித்தார். கையெழுத்துப் போடும் முன் யோசித்து, தன் கையால் கீழே ஒரு வரி சேர்த்தார்: "உங்கள் அறுப்பு மெஷினின் பேட்டரி செத்தால் எங்கே போடுவீர்கள்?"

கடிதம் நாளைக்குள் குண்டலுபேட்டை போய்ச் சேராது என்பதால் பூங்குழலி அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டாவது கை ராகிக் களி வாயில் இருக்கும்போது போன் மினுக்கியது. கவின்ராஜ்தான். பூங்குழலி உரக்கப் படித்தாள்: "பரவாயில்லைங்க ஐயா, கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க. பேட்டரி எங்க போகுதுன்னு எனக்கும் தெரியலை. விசாரிச்சு எழுதறேன்."

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நல்ல பையனாட்டத்தான் இருக்கறான்," என்றார்.

பூங்குழலி போனை அணைத்துத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, எனக்கு இன்னொரு உருண்டை களி போட்டாள்.